பட்டம் 1942-இல், பொறியாளர் வேலை 1958-இல்

சித்தி பையன் ஒருத்தன் 2017-இல் மெக்கானிக்கல் முடித்தான். அதே வருஷம் சித்தப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கடையைப் பார்த்துக்க ஆள் இல்லை. கொஞ்ச நாளைக்கு என்று கல்லாவில் உட்கார்ந்தவன், ஆறு வருஷம் அந்த ஹார்டுவேர் கடையிலேயே இருந்துட்டான். இப்போ கடையைக் கைமாத்தி விட்டாச்சு. வேலை தேடுறான். போற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" அடுத்த கேள்வி: "சம்பந்தப்பட்ட அனுபவம் ஏதாவது இருக்கா?"

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் இடம் வருதாம். ஆனா இன்ஜினியரா எடுக்கல. இன்ஸ்பெக்‌ஷன்ல, டிப்ளமோ முடித்த பசங்க பார்க்கிற வேலை. "காஸ்டிங்கை அளந்து ரிஜிஸ்டர்ல எழுதணும், அவ்வளவுதான்ணா. பி.இ. முடிச்சுட்டு இதுக்குப் போனா அங்கேயே மாட்டிக்க மாட்டேனா?"

எனக்கு பதில் தெரியவில்லை. யோசிச்சுச் சொல்றேன்டான்னு வச்சுட்டேன்.

அப்போ நான் வேறொரு விஷயத்துக்காகக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் நகரத்தில் இருக்கும் லாங்லி ஆய்வகம். அங்கே கணக்குப் போட்டுக் கொடுத்த கறுப்பினப் பெண்கள். 'ஹிடன் ஃபிகர்ஸ்' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டும்போது, அதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. தேதிகள்.

டொரத்தி வான்: பட்டம் 1929, லாங்லியில் சேர்ந்தது 1943. கேத்தரின் ஜான்சன்: பட்டம் 1937, லாங்லி 1953. மேரி ஜாக்சன்: பட்டம் 1942, லாங்லி 1951, பொறியாளர் ஆனது 1958.

பதினாலு வருஷம், பதினாறு வருஷம், பதினாறு வருஷம். படத்தின் முக்கியக் கதை 1961-இல் நடப்பதால் இந்த வருஷங்கள் அதில் பெரும்பாலும் வருவதே இல்லை. நம்ம பையனின் ஆறு வருஷத்தை இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரி, அந்தப் பதினாறு வருஷத்தைப் பற்றி ஒழுங்காக எழுதி வைப்போம் என்று தோன்றியது. அதுதான் இந்தப் பதிவு.

அந்த வருஷங்களில் என்ன செய்தார்கள்?

மூவரில் பொறியாளர் என்ற பதவிப் பெயரை வாங்கியவர் மேரி ஜாக்சன். அதனால் அவரையே பிடித்துக் கொள்கிறேன்.

1921-இல் ஹாம்ப்டனிலேயே பிறந்தவர். அதே ஊரின் ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டில் கணிதம், இயற்பியல் சார்ந்த அறிவியல் என இரண்டிலும் 1942-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது, நாட்டுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவை, ஊரிலேயே விமான ஆய்வகம் இருக்கிறது. நேரா உள்ளே போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. மேரிலாந்தில் ஒரு கறுப்பினப் பள்ளியில் ஒரு வருஷம் டீச்சர் வேலை. ஊருக்குத் திரும்பி, படைவீரர்களுக்கான மன்றத்தில் வரவேற்பாளர். பிறகு படித்த கல்லூரியிலேயே கணக்கர். கல்யாணம், குழந்தை, கொஞ்ச காலம் வீடு. அப்புறம் ராணுவ அலுவலகத்தில் செயலர்.

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி, இன்றைக்கு ஏதாவது ஒரு எச்.ஆர். மேசையில் வைத்தால் என்ன சொல்வார்கள்? டீச்சர், வரவேற்பாளர், கணக்கர், வீடு, செயலர். சம்பந்தப்பட்ட அனுபவம்: இல்லை.

டொரத்தி வான் கதையும் இதே மாதிரிதான். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் பல வருஷம் கணக்கு டீச்சர். கூடுதல் வருமானத்துக்காக 1943 கோடையில் ஒரு ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். லாங்லி கொடுத்த சம்பளம் டீச்சர் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கேத்தரின் ஜான்சனும் டீச்சர்தான். நடுவில் மேல்படிப்புக்குச் சேர்ந்து, குடும்பத்துக்காக விட்டார்.

மூன்று பேருமே திறமையில் குறைந்தவர்கள் இல்லை. கணிதம் படித்த கறுப்பினப் பெண்ணுக்கு அந்தக் காலத்துத் தெற்கு மாநிலங்களில் கௌரவமான வேலை என்றால் கறுப்பினப் பள்ளியில் டீச்சர் வேலைதான். வேறு கதவு கிடையாது. இன்றைக்கு ஒருத்தரின் விண்ணப்பத்தில் காலி வருஷத்தைப் பார்த்ததும் சோம்பேறி என்று முடிவு கட்டுகிறவர்கள், அந்த வருஷங்களில் எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்பதில்லை.

கீழ் வாசல்

கதவு எப்படித் திறந்தது? தானாகத் திறக்கவில்லை. ரயிலின் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். பாதுகாப்புத் தொழில்களில் கறுப்பினத்தவரை எடுக்காவிட்டால் வாஷிங்டனை நோக்கிப் பேரணி வருவோம் என்று அவர் அறிவித்தார். அதன் விளைவாக 1941 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் 8802-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தொழில்களிலும் அரசு வேலையிலும் இனம் பார்த்து ஆளை ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். பக்கத்திலேயே போர்க்கால ஆள் பஞ்சம் வேறு. இரண்டும் சேர்ந்து 1943-இல் லாங்லியில் கறுப்பினப் பெண்களுக்கான கணிப்புப் பிரிவு தொடங்கியது. மேற்குப் பகுதிக் கணிப்புப் பிரிவு என்று பெயர். தனி அறை, தனிக் கழிப்பறை, சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேசை.

உள்ளே போன பதவியின் பெயர் கம்ப்யூட்டர். இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்தச் சொல் ஆளைக் குறித்தது. காற்றுச் சுரங்கத்தில் (விமான மாதிரியை நிறுத்தி வைத்து, அதன் மேல் வேகமாகக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடம்) ஒரு சோதனை நடந்தால், அழுத்த அளவுகள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றைப் படித்து, சூத்திரத்தில் போட்டு, கையால் இயக்கும் கணக்கு மெஷினில் தட்டி, வரைபடமாக வரைந்து பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். 1935-இலிருந்து வெள்ளையினப் பெண்கள் இந்த வேலையைச் செய்து வந்தார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணிதப் பட்டத்தோடு வருகிற ஆணை லாங்லி இளநிலைப் பொறியாளராக எடுத்துக்கொள்ளும். அதே பட்டத்தோடு வருகிற பெண்ணுக்கு ஒரு படி கீழே, தொழில்முறைப் பணிக்குக் கீழான தரத்தில் இடம். பட்டம் ஒன்று, வாசல் இரண்டு.

என் தம்பி கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வருது. கீழ் வாசல் வழியா உள்ளே போனா மேலே ஏற முடியுமா, இல்ல அங்கேயே மாட்டிக்கணுமா?

கோபத்தில் கிடைத்த வேலை

மேரி ஜாக்சன் 1951-இல் டொரத்தி வானின் கீழ் கணிப்பாளராகச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து, வளாகத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த வெள்ளையினப் பெண்களிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். உங்களுடையது எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தார்கள். கணிதப் பட்டதாரி, முப்பது வயது தாண்டியவர், ஒரு தாய். அவமானத்தோடும் கோபத்தோடும் மேற்குப் பகுதிக்குத் திரும்பும்போது வழியில் ஒரு பொறியாளரிடம் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். காசிமிர்ஸ் சர்னெக்கி என்ற அந்தப் பொறியாளர் கேட்டுவிட்டுச் சொன்னது, என்னிடம் வேலைக்கு வந்துவிடுங்கள் என்பதுதான்.

சர்னெக்கி இருந்தது நாலடிக்கு நாலடி மீயொலி அழுத்தச் சுரங்கம். 60,000 குதிரைத்திறன். ஒலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் காற்று வீசும். அங்கே மேரி மற்றவர்கள் தந்த எண்களைக் கூட்டிக் கழிப்பதோடு நிற்கவில்லை. சோதனைகளை நடத்தும் வேலையிலேயே இறங்கினார். எண் எங்கிருந்து வருகிறது, எந்தக் குழாயில் தப்பு வரும், எது நம்பத்தக்கது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்று. பிரிவின் தலைவர் ஜான் பெக்கர் ஒரு கணக்கைக் கொடுத்தார். மேரி போட்டுக் கொண்டுபோனார். தப்பு என்றார் பெக்கர். இல்லை, சரிதான் என்றார் மேரி. இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். கடைசியில் பெக்கர் கொடுத்த எண்களிலேயே பிழை இருந்தது தெரிந்தது. பெக்கர் மன்னிப்புக் கேட்டார். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அனுபவம் என்று எல்லோரும் கேட்பது இதைத்தானோ என்று. தன் வேலையில் எது சரி என்று தெரிந்து, பெரியவர் எதிரில் இருந்தாலும் அதில் நிற்பது. பதினாறு வருஷ இடைவெளி அதைத் தடுக்கவில்லை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் நிற்க விட்ட இரண்டு மூன்று வருஷம் அதைக் கொடுத்தது.

விட்டுப்போன பாடங்கள்

நீங்கள் பொறியாளர் ஆகலாமே என்று சொன்னவரும் சர்னெக்கிதான். ஆய்வகத்திலேயே அதற்கு ஒரு பயிற்சித் திட்டம் இருந்தது. கணிப்பாளர் பதவியிலிருந்து பொறியாளர் பதவிக்கு மாற, பட்டமேற்படிப்பு அளவிலான சில கணித, இயற்பியல் பாடங்கள் தேவை. வேலை முடிந்து சாயங்காலம் படிக்கலாம். நடத்துவது வர்ஜீனியா பல்கலைக்கழகம். இடம் ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி.

அது வெள்ளையினப் பிள்ளைகளுக்கான பள்ளி. மேரி அந்தக் கட்டடத்துக்குள் நுழைய நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. படத்தில் நீதிமன்றக் காட்சியாக வருவது இதுதான். நடந்தது நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கியது. அனுமதி கிடைத்து உள்ளே போனவருக்கு ஓர் அதிர்ச்சி. இவ்வளவு காலம் தனக்கு மூடி வைத்திருந்த அந்தப் பள்ளி, பாழடைந்து புழுங்கல் நாற்றம் அடிக்கும் பழைய கட்டடமாக இருந்தது.

பாடங்களை முடித்தார். 1958-இல் பொறியாளர் ஆனார். நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் அவர்தான். அதே வருஷம் சர்னெக்கியோடு சேர்ந்து எழுதிய ஆய்வறிக்கை வெளிவந்தது. மீயொலி வேகத்தில் கூம்பு வடிவ மூக்கின் மேல் ஓடும் காற்றைப் பற்றியது. விமானத்தின் தோலை ஒட்டி ஓடும் காற்று முதலில் வழுவழுவென்று ஓடும். ஓரிடத்தில் கலங்கும். கலங்கிவிட்டால் உராய்வும் சூடும் கூடும். மூக்கின் கோணத்தையும் வேகத்தையும் மாற்றினால் அந்தக் கலங்கும் இடம் எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் கணக்கைச் சரியாகப் பார்க்கணும். பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவில் பதினாறு வருஷம் என்று மொத்தமாகச் சொன்னால் மலைப்பாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால், முதல் ஒன்பது வருஷம் அவர் எந்தக் காற்றுச் சுரங்கத்துக்குப் பக்கத்திலும் இல்லை. அந்த ஒன்பது வருஷ இழப்பை நிரப்பியது சில மாலை வகுப்புகளும், உண்மையான வேலையைக் கையில் கொடுத்த ஒரு மேலாளரும். நிரப்ப வேண்டிய அளவு அவ்வளவுதான் இருந்தது.

மாட்டிக்கொண்டவர்கள்

இதோடு நிறுத்தினால் இது தன்னம்பிக்கைப் பேச்சாகிவிடும். கீழ் வாசல் வழியாகப் போனால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொல்ல முடியாது. லாங்லியில் பல வருஷங்களில் கணிப்பாளராக இருந்த பெண்கள் நூற்றுக்கணக்கில். அவர்களில் பொறியாளர் ஆனவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அதே வேலையைச் செய்து, அதே பெயரில் ஓய்வு பெற்றார்கள்.

இதைத் தெளிவாகக் காட்டுவது கிறிஸ்டின் டார்டனின் கதை. மேரிக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவர். அதே ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டில் 1962-இல் கணிதப் பட்டம், பிறகு டீச்சர் வேலை, பிறகு பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை. 1967-இல் நாசா லாங்லியில் சேர்ந்தார், கணிப்பாளராகவே. சட்டப்படி இனப்பாகுபாடு ஒழிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாசல் அப்படியே இருந்தது. தன்னைப் போலவே கணிதம் படித்த ஆண்கள் பொறியியல் பிரிவுக்குப் போகிறார்கள், தான் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம் என்று பார்த்தார். அஞ்சு வருஷத்துக்குமேல் ஆனது.

கடைசியில் மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டார். ஒரே படிப்பு, அவர்கள் ஏன் அங்கே, நாங்கள் ஏன் இங்கே? இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லையே என்பதுதான் கிடைத்த பதில். கொஞ்ச நாளில் பொறியியல் பிரிவுக்கு மாற்றினார்கள். விமானம் ஒலியைத் தாண்டும்போது எழும் வெடிச்சத்தத்தைக் குறைப்பது பற்றிய கணினி நிரல் எழுதுவது அங்கே முதல் வேலை. 1983-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னர் அந்தத் துறையின் ஆய்வுக் குழுவுக்குத் தலைவரானார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால்? அவர் நல்ல கணிப்பாளராகவே இருந்திருப்பார். நல்லா வேலை செஞ்சா தானா மேலே கூப்பிடுவாங்க என்று நாம் நம்புகிறோம். நல்ல கணிப்பாளரை மேலே அனுப்பினால் கணக்குப் போட ஆள் குறையும். கீழ் வாசல் பொறியாக மாறுவது இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதுகூட இல்லை.

மேரி ஜாக்சனுக்கும் இது தெரிந்திருந்தது. 1979-இல் அவர் பொறியாளர் பதவியை விட்டு, தரத்தில் இறங்கி, பெண் ஊழியர்களின் முன்னேற்றத்தைக் கவனிக்கும் நிர்வாக வேலைக்குப் போனார். ஏன் சிலர் அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்து அவர் சொன்ன காரணங்கள் மிகச் சாதாரணமானவை. சிலருக்கு ஒன்றிரண்டு பாடங்கள் குறையும். சிலர் உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. சிலருக்குக் கையில் கொடுக்கப்படும் வேலை சரியில்லை. திறமைக் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

நம் பக்கத்தில்

டொரத்தி வான் லாங்லிக்குள் நுழைந்த அதே 1943-இல், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா மின்பொறியியல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றுத்தான் வேலைக்குப் போனார். வகுப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு பட்டறை வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. பிற்பாடு சட்டத்திலும் ஏறியது. 1961-இன் தொழில் பழகுநர் சட்டத்தில் முதலில் ஐ.டி.ஐ. போன்ற தொழில்களுக்குத்தான் இடம். 1973-இல் திருத்தம் கொண்டுவந்து பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். ஒரு வருஷம், உதவித்தொகையோடு பயிற்சி.

நல்ல ஏற்பாடு. ஆனால் அது புதுசாக முடித்து வருகிறவர்களை மனசில் வைத்துச் செய்தது. முடித்த கையோடு கடைக் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அந்த வாசல் அநேகமாகக் கடந்து போன வாசல். அவனுக்கு மிச்சம் இருப்பது கீழ் வாசல்தான்.

தம்பிக்குச் சொன்னது

ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணேன். இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். "சரிண்ணா, அவங்க நாசா. இது ஃபவுண்டரி" என்றான். நியாயம்தான். அவர்கள்மேல் இருந்த பாரம் வேறு, இவன்மேல் இருப்பது வேறு. அதையும் சொன்னேன்.

ஆனா மூணு விஷயம் மட்டும் எழுதிக்கச் சொன்னேன். ஒண்ணு, அளந்து எழுதுற ரிஜிஸ்டர் எங்கே போகுதுன்னு பாரு. ரிஜெக்ட் ஆன காஸ்டிங்கை வச்சுக்கிட்டு அச்சை எப்படி மாத்தணும்னு யாரோ ஒருத்தர் யோசிப்பார் இல்ல, அவர் எங்கே உட்கார்ந்திருக்கார்? அவர் மேசைக்கும் உன் மேசைக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டு, உனக்கு என்ன பாடம் விட்டுப்போச்சுன்னு பேர் சொல்லி எழுது. "எல்லாம் மறந்துபோச்சு"ன்னு பொத்தாம் பொதுவாச் சொல்லாதே. மூணு, சேர்றதுக்கு முன்னாடியே கேளு. இன்ஸ்பெக்‌ஷன்ல சேர்ந்தவங்க யாராவது இந்த அஞ்சு வருஷத்துல மெத்தட்ஸ் பக்கமோ டிசைன் பக்கமோ போயிருக்காங்களா? ஒருத்தர்கூட இல்லைன்னா அது வேலை, வாசல் இல்லை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ.

கேட்டிருக்கான். ஒருத்தர் போயிருக்காராம், நாலு வருஷம் ஆச்சாம். "உங்களுக்கும் அப்படியான்னு இப்போ சொல்ல முடியாது, பார்க்கலாம்" என்றாராம் மேனேஜர்.

திங்கட்கிழமை சேர்ந்துட்டான். முதல் வாரம் வெர்னியர் பிடிக்கவே கை நடுங்குச்சாம். ஆனா போல்ட் சைஸ் எல்லாம் கண்ணால பார்த்தே சொல்றதைப் பார்த்துட்டு, நீ எங்கடா கத்துக்கிட்டேன்னு சூப்பர்வைசர் கேட்டாராம்.

ஆறு வருஷம் ஹார்டுவேர் கடைல, என்று சொல்லியிருக்கிறான்.